ஃப்ளூ ஊசிக்கு அப்புறம் குழந்தைக்கு தடிப்பு வந்தா: எங்க, எப்பன்னு பாருங்க

ஊசி போட்டுட்டு வந்த அன்னிக்கு நைட்டு குழந்தையோட கையோ தொடையோ வீங்கி இருந்தா யாருக்கும் பயமாத்தான் இருக்கும், ஆனா முதல்ல ரெண்டே ரெண்டு விஷயம் பாருங்க, தடிப்பு எங்க வந்திருக்கு, ஊசி போட்டு எவ்ளோ நேரத்துல வந்துச்சு.

ஊசி போட்ட இடத்துலயே, அன்னிக்கோ மறுநாளோ சிவந்து வீங்கி, தொட்டா வலிக்குதுன்னா பெரும்பாலும் அது அலர்ஜி இல்ல, ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிடும். மாநிறம், கருப்பு நிறத் தோல்ல சிவப்பு சரியா தெரியாது, அதனால புறங்கையை வச்சு சூடா, கெட்டியா இருக்கான்னு தொட்டுப் பாருங்க. சுத்தமான துணிய குளிர்ந்த தண்ணில நனைச்சு பிழிஞ்சு கொஞ்ச நேரம் வைங்க, தேய்க்காதீங்க, ஐஸை நேரா வைக்காதீங்க. ரொம்ப வலிச்சா பாராசிட்டமால் குடுக்கலாம், அளவு வயசை வச்சு இல்ல, எடையை வச்சு, ஒவ்வொரு சிரப்பும் ஒவ்வொரு ஸ்ட்ரென்த்ல வரும்ங்கறதால எத்தனை மில்லின்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம், குழந்தைகளுக்கு ரேய் சிண்ட்ரோம்னு ஈரலையும் மூளையையும் தாக்கற ஆபத்து இருக்கு.

வீக்கத்தைச் சுத்தி பேனாவால ஒரு கோடு போட்டு வைங்க. மூணாவது நாளும் கோட்டைத் தாண்டி பரவுது, காய்ச்சலும் இருக்குன்னா கிருமித்தொற்றா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டணும்.

உடம்புல வேற இடத்துல அரிப்போட தடிப்பு தடிப்பா, ஊசி போட்ட சில நிமிஷத்துலயோ சில மணி நேரத்துலயோ வந்தா அது அலர்ஜியா இருக்கலாம். வெறும் தடிப்புன்னா உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க. அதோட உதடு, முகம் வீங்குது, மூச்சு இழுக்குது, திரும்பத் திரும்ப வாந்தி, குழந்தை துவண்டு போகுதுன்னா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, படுக்க வைங்க, மூச்சு விட கஷ்டப்பட்டா உட்கார வைங்க, நடக்க விடாதீங்க. இதுக்கு மருந்து அட்ரினலின் ஊசிதான், அலர்ஜி சிரப் குடுத்துட்டு காத்திருக்கறது ஆபத்து. இது பத்து லட்சம் டோஸ்ல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் வருது, ஆனாலும் ஊசி போட்டதும் 15 நிமிஷம் அங்கயே உட்கார வைக்கறது இதுக்காகத்தான், தயவு செஞ்சு அவசரப்பட்டு கிளம்பாதீங்க.

நாலஞ்சு நாள் கழிச்சு சளி காய்ச்சலோட வர்ற தடிப்பு வேற ஏதாவது வைரஸா கூட இருக்கும். ஆனா எப்ப வந்தாலும் சரி, கண்ணாடி டம்ளரை வச்சு அழுத்தியும் மறையாத ஊதாப் புள்ளின்னா உடனே எமர்ஜென்சிக்கு போயிடுங்க.

எதுவா இருந்தாலும் போட்டோ எடுத்து, நேரத்தையும் குறிச்சு வைங்க, ஏன்னா அரிப்புத் தடிப்பு டாக்டரைப் பார்க்கறதுக்குள்ள மறைஞ்சே போயிடும். 9 வயசுக்குள்ள முதல் தடவை போடற குழந்தைக்கு பொதுவா 4 வாரம் விட்டு ரெண்டாவது டோஸ் இருக்கும், ஊசி இடத்து வீக்கத்துக்காக அதை நிறுத்த வேண்டாம், உடம்பெல்லாம் தடிச்சிருந்தா மட்டும் அந்த போட்டோவைக் காட்டிட்டு முடிவு பண்ணுங்க.