வளைகுடாவில் இருப்பவருக்கு வாராவாரம் ஊர்ச்சேதி அனுப்ப

அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு பொதுவாக எடுக்காது. குரல் பதிவு போகும். மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டு விழும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். ஒரு விஷயத்துக்கு ஒரு பதிவு, இரண்டு நிமிடத்துக்குள். பத்து நிமிடம் ஒரே மூச்சில் பேசினால் நடுவில் சொன்ன முக்கியச் சங்கதி பிறகு தேடினாலும் அகப்படாது.

பேசுமுன் துண்டுக் காகிதத்தில் குறியுங்கள். குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கமென்றால் மழையில் ரப்பர் வெட்டு நின்றதா, ஷீட் என்ன விலைக்குப் போனது, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) பிடுங்கியாச்சா. குளச்சலென்றால் வள்ளத்துக்கு என்ன மீன் கிடைத்தது. "எல்லாரும் சுகம்" என்பதெல்லாம் சேதியே அல்ல.

நோய்ச் சேதியில்தான் பலரும் சொதப்புவது. "அம்மைக்குச் சுகமில்லை" என்று நிறுத்தினால் அங்கே ராத்திரித் தூக்கம் போச்சு. என்ன நோவு, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் சொன்னது, இப்போது எப்படி எல்லாவற்றையும் ஒரே பதிவில் முடியுங்கள். சாவுச் சேதிக்குப் பதிவு வேண்டாம். முதலில் அங்கே அவரோடு தங்கியிருப்பவரை போனில் அழையுங்கள்.

துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை. சவூதிக்கு வியாழன் ராத்திரி அனுப்பினால் வெள்ளி விடுமுறையில் நிதானமாகக் கேட்பார்கள்.