ஊருக்குப் போன இடத்தில் வண்டியில் அடிபட்டால்

பெட்டியில் என்ன வைப்பது, யாருக்கு என்ன வாங்கிப் போவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் எழுத வந்தது வேறு. தமிழ்நாட்டுக்குப் போன இடத்தில் சாலை விபத்தில் அடிபட்டால் என்ன செய்வது, நஷ்ட ஈடு எப்படிக் கேட்பது என்பதைப் பற்றி. போன தை மாதம் திருச்சி விமான நிலையத்திலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் எங்களுக்கு நேர்ந்தது அது. நியூஜெர்சியில் 14 வருடமாக இருக்கிறேன். அங்கே விபத்து நடந்தால், தவறு யாருடையது என்றாலும் மருத்துவச் செலவை முதலில் நம் சொந்தக் காப்பீடே கொடுத்துவிடும். வழக்குப் போட 2 வருடம் அவகாசம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் நான் நிதானமாக இருந்துவிட்டேன். ஊரில் அப்படி இருக்கக் கூடாது.

அம்மாவை விமான நிலையத்துக்கு வர வேண்டாம் என்று சொன்னேன். 68 வயது, ராத்திரி விமானம். கேட்கவில்லை. சித்தி மகன், என் தம்பி, அவர்கள் வீட்டுக் காரில் அழைத்து வந்தான். பின்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும் என்று அம்மா முன்னால் ஏறிக்கொண்டாள். இரண்டு மணி இருக்கும். பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக ஒரு லாரி நின்றிருந்தது. பின்விளக்கு எரியவில்லை, ஒளிரும் பட்டையும் இல்லை. தம்பி பார்த்துத் திருப்புவதற்குள் காரின் இடது பக்கம் லாரியின் பின்மூலையில் மோதிவிட்டது. எனக்கு நெற்றியில் காயம். அம்மாவுக்கு இடது தொடை எலும்பு, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே முறிந்தது.

அங்கிருந்து நடந்த ஒவ்வொன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் தவறெல்லாம் அங்கேதான் நடந்தது.

108-ஐக் கூப்பிட வேண்டும் என்றேன். அதற்குள் தம்பி சித்தப்பாவுக்குப் போன் போட்டுவிட்டான். பின்னால் வந்த ஒரு காரில் ஏற்றிப் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். பணியில் இருந்த மருத்துவர் ஓ.பி. சீட்டு எழுதி, காலை அசையாமல் கட்டி, வலிக்கு ஊசி போட்டார். விபத்துப் பதிவேட்டில் பதிய வேண்டும், உட்காருங்கள் என்றார்கள். சித்தப்பா வந்ததும் உட்காரவில்லை. தெரிந்த தனியார் மருத்துவமனை இருக்கிறது என்று அம்மாவை அங்கே மாற்றினார். சேர்க்கும்போது எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க" என்றார் சித்தப்பா. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

விடிந்ததும் சித்தி என்னைத் தனியே அழைத்துப் போனாள். தம்பி அரசு வேலைக்கான தேர்வில் தேறி, போலீஸ் சரிபார்ப்புக்காகக் காத்திருந்தான். "அவன் பேர்ல ஒரு கேஸுன்னு வந்துட்டா அவ்வளவுதாம்மா. நீ மூணு வாரத்துல போயிருவ. நாங்கதானே இங்க இருக்கோம்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா போன பிறகு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது அவன். கரண்ட் பில் கட்டியது, கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்தது, மழைக்கு ஓடு மாற்ற ஆள் பிடித்தது எல்லாம் அவன். நான் செய்தது மாதம் ஒரு முறை பணம் அனுப்பியது. அவன்மேல் புகார் கொடுக்கிறாயா என்று யாராவது கேட்டால் வாய் அடைத்துப் போகும்.

ஆனால் அவர்களுக்கும் எனக்கும் அப்போது ஒன்று தெரியவில்லை. விபத்துப் புகார் தம்பிமேல் கொடுப்பது அல்ல. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுப்பது. விளக்கில்லாமல் நின்ற லாரியின் தவறும் அதில் வரும். அம்மாவைப் போல வண்டியில் உட்கார்ந்து மட்டும் வந்தவருக்கு, இரண்டு வண்டிகள் மேலும் தவறு இருந்தால், இரண்டில் எந்தத் தரப்பிடமும் முழு நஷ்ட ஈட்டையும் கேட்கும் உரிமை உண்டு. 2015-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நாங்கள் தம்பியைக் காப்பாற்றுவதாக நினைத்து லாரியின் காப்பீட்டு நிறுவனத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

பாத்ரூமில் விழுந்ததாகச் சொன்ன அந்த ஒரு வரியால் இன்னொன்றும் போயிற்று. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், மாநில எல்லைக்குள் விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தார், வெளிநாட்டார் என்று வித்தியாசம் இல்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். முதலில் 1 லட்சம் ரூபாய் வரை என்று இருந்ததைப் பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள். பாத்ரூமில் விழுந்தவருக்கு அது கிடையாது. அறுவை சிகிச்சைக்கு 2,80,000 ரூபாய் கட்டினோம். பணம் என்னிடம் இருந்தது, அதனால் பரவாயில்லை என்று அப்போது தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் இப்போது உறுத்துகிறது.

அதனால், அடிபட்டவரை எந்த மருத்துவமனையில் சேர்த்தாலும் சேர்க்கைச் சீட்டில் 'சாலை விபத்து' என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே வாங்கிப் படியுங்கள். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்பதும் இருக்க வேண்டும். பின்னால் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்தத் தாளைத்தான். விபத்துப் பதிவேட்டு நகலைத்தான் எல்லோரும் 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே படங்கள், மருந்துச் சீட்டு, ஆட்டோ செலவு வரை எல்லாவற்றையும் அடிபட்டவர் பெயரில் சேர்த்து வையுங்கள். உங்கள் பயணக் காப்பீட்டு நிறுவனம் அசல் ரசீதுகளைக் கேட்டால், அனுப்பும் முன் நகல் எடுத்து மருத்துவமனை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான தாள், கொடுப்பார்கள். அதோடு திரும்பிவிட வேண்டாம். எஃப்.ஐ.ஆர். பதிந்தால்தான் மேலே நகரும். 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்தில் காவல்துறை, நஷ்ட ஈட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கைக்கு 90 நாள். மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டு வண்டிகளையும் பார்த்து எழுதும் அறிக்கையும் முக்கியம். வண்டியைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டால் அவர் எதைப் பார்ப்பார்? எங்கள் கார் மூன்றாம் நாளே பட்டறைக்குப் போய்விட்டது.

லாரித் தரப்பிலிருந்து ஒருவர் வந்து டீக்கடையில் சித்தப்பாவிடம் 15,000 ரூபாய் கொடுத்துப் பேசி முடித்துவிட்டார் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. தாள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றார்கள். போட்டிருந்தால் அதையும் எடுத்து நீட்டியிருப்பார்கள். பேசித் தீர்க்க விரும்பினால் அதற்கு லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை நீதிமன்ற ஆணையாகவே வரும், மேல்முறையீடு என்று இழுக்காது. விடுமுறை குறைவாக உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. டீக்கடை நல்ல வழி அல்ல.

இனி, உறவினர் காரில் ஏறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. சித்தி வீட்டுக் காருக்கு 'தேர்டு பார்ட்டி' மட்டும்தான் போட்டிருந்தார்கள். அது வெளியே இருப்பவர்களுக்கு. சொந்தக் காரில் உள்ளே உட்கார்ந்து வரும் நமக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. 'புல் இன்சூரன்ஸ்' என்று சொல்லும் பேக்கேஜ் பாலிசியில்தான் உண்டு. சித்தப்பாவிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தோன்றும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று தெரியும். எந்த வகைப் பாலிசி என்பதை வீட்டில்தான் கேட்க வேண்டும். கேளுங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்குப் பேசி ஏறாதீர்கள். நீங்களே ஓட்டுவதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இருக்கட்டும்.

நஷ்ட ஈட்டு மனுவை விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் வசிக்கும் இடத்திலோ, எதிர்த்தரப்பு வசிக்கும் இடத்திலோ உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடலாம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2022 முதல் உள்ள கெடு. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே பலத்த காயத்துக்கு 2.5 லட்சமும் உயிரிழப்புக்கு 5 லட்சமும் கேட்க ஒரு பிரிவு உண்டு. அதை வாங்கிக்கொண்டால், தவறை நிரூபித்து முழு நஷ்ட ஈடு கேட்கும் பெரிய மனு முடிந்துபோகும். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும், உயிர் போனால் 2 லட்சமும் கிடைக்கும்.

பெரிய மனுவில் மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், இனிமேல் இழக்கப்போகும் வருமானம், வலி, முன்பு போல் வாழ முடியாமல் போனது எல்லாம் தனித்தனித் தலைப்புகள். ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதத்தை அப்படியே வருமானத்துக்குப் போட மாட்டார்கள். அந்த ஊனம் அவர் செய்த வேலையை எவ்வளவு பாதித்தது என்று பார்ப்பார்கள். அம்மா வேலைக்குப் போகாதவள்தானே என்று சித்தப்பா கேட்டார். வீட்டில் செய்யும் வேலைக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அடிபட்டவர் நீங்களே என்றால், டாலரிலோ பவுண்டிலோ வரும் சம்பளத்தை மனுப் போட்ட நாளின் மாற்று விகிதத்தில் கணக்கிட்ட தீர்ப்பும் உண்டு. சம்பளச் சீட்டும் வரித் தாக்கலும் கையில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் வக்கீல் வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு எடுப்பது வழக்கம். இந்தியாவில் பங்கு பேசிக் கட்டணம் வாங்க பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. மருத்துவமனை வாசலிலேயே வந்து வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பவர்களை நம்பாதீர்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். திரும்பி வந்த பிறகு பவர் கொடுப்பதானால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, தாள் இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். தூதரக முன்பதிவுக்கே நாள் ஆகும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நான் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, கைப்பையில் கடவுச்சீட்டைத் தேடியபோது அந்த ஓ.பி. சீட்டு கிடைத்தது. அரசு மருத்துவர் ஓரத்தில் 'ஆர்.டி.ஏ.' என்று எழுதியிருந்தார். சாலை விபத்து என்பதற்கான சுருக்கம். தேதியும் நேரமும் இருந்தன. என் கைப்பேசியில் லாரியின் பின்பக்கப் படம் ஒன்று, எண் தெரியும்படி இருந்தது. அமெரிக்கப் பழக்கத்தில் எடுத்தது.

தம்பியிடம் இரண்டையும் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். மறுநாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, "ஏறுக்கா, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றான். விபத்து நடந்து அது 19-ஆம் நாள். ஏன் இவ்வளவு தாமதம் என்று ஏட்டு கேட்டார். அம்மாவைக் காப்பாற்றுவதில் இருந்தோம் என்று அவனே பதில் சொன்னான். நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தாலேயே மனு விழுந்துவிடாது என்று வக்கீல் பிறகு சொன்னார். லாரி ஓட்டுநர்மேல் எஃப்.ஐ.ஆர். பதிவானது.

மனுவை ஐந்தாம் மாதம் போட்டோம். தனியார் மருத்துவமனை சேர்க்கைச் சீட்டைத் திருத்த மறுத்துவிட்டது. அரசு மருத்துவரைச் சாட்சியாக விசாரிக்க வாய்தா போட்டிருக்கிறார்கள். தம்பிக்குப் பணி ஆணை இன்னும் வரவில்லை. இந்த வழக்கால்தான் என்று சித்தி நம்புகிறாள், என் போனை எடுப்பதில்லை. அம்மாவைச் சனிக்கிழமைதோறும் பிசியோதெரபிக்கு அழைத்துப் போவது இப்போதும் அவன்தான். போன வாரம் அம்மா வாக்கர் இல்லாமல் கொல்லைப்புறம் வரை நடந்ததை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான்.