ஒன்பது என்றால் என்ன? ஆய்வுத் தரவைப் பேண நான் கடைப்பிடிக்கும் முறை

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில், நானே தயாரித்த அட்டவணையைத் திறந்து திகைத்துப் போனேன். ‘தூக்கம்’ என்ற நெடுவரிசையில் 6, 7, 9, 5, 9, 8 என்று எண்கள். 9 என்பது ஒன்பது மணி நேரமா, ‘பதில் சொல்லவில்லை’ என்பதற்கு நான் வைத்த குறியா? இரண்டுக்கும் அதையே எழுதியிருந்தேன். காகிதப் படிவங்களை எடுத்து 212 பேரின் விடைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்தப் பதினொரு நாள் ஆனது.

ஆகவே, முதல் படிவம் நிரப்பப்படும் முன்பே விளக்கக் கோப்பை எழுதிவிடுங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள், அலகு, வரக்கூடிய மதிப்புகள், விடுபட்டதற்கான குறி இருக்க வேண்டும். -99 போன்ற குறிகள் கவனிக்காவிட்டால் சராசரியில் புகுந்துவிடும். கட்டத்தைக் காலியாக விட்டு, காரணத்தை அடுத்த நெடுவரிசையில் எழுதுவதே என் வழக்கம்.

மூலத் தரவில் கை வைக்காதீர்கள். அதைப் படிக்க மட்டும் முடிகிற கோப்பாக்கிவிட்டு, திருத்தங்களை நகலில் செய்யுங்கள். எதை, ஏன் மாற்றினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். மென்பொருள் நம்மைக் கேளாமலே மாற்றுவதும் உண்டு. மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடும் தொல்லை நெடுங்காலம் நீடித்தது. கடைசியில் 2020-இல் பெயர்களே மாற வேண்டியதாயிற்று. ‘மார்ச்1’ என்ற மரபணு ‘மார்ச்எஃப்1’ ஆனது.

கோப்பின் பெயரை 2024-03-07 என்ற வடிவில் தேதியோடு தொடங்கினால் கால வரிசை தானே அமையும். கோப்பு தொலைந்துபோகாமல் இருக்க மூன்று நகல்கள் வேண்டும்: இரண்டு வகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில். நகலிலிருந்து கோப்பை மீட்டுத் திறந்து பார்க்கும்வரை அதை நம்பாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக வருவது ஒப்புதல் படிவம். நேர்காணலின் நடுவே ஓர் அம்மா, “நான் சொல்வதை வேறு யாரெல்லாம் கேட்பார்கள்?” என்றார். என் படிவத்தில் அதற்கு விடை இல்லை. பதிவை நிறுத்திவிட்டு, இருவரும் பேசி, ஒரு வரியைக் கையால் எழுதிச் சேர்த்தோம். தரவைப் பிறரோடு பகிரலாமா என்பதைப் பங்கேற்பாளர்களிடம் முதலிலேயே கேளுங்கள். ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பிடிப்பது பெரும்பாலும் நடக்காது.

பெயரை நீக்கினால் மட்டும் போதாது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடும். பிறந்த தேதிக்குப் பதில் வயது வரம்பை வையுங்கள். பங்கேற்பாளரின் பெயரையும் அவருக்கு நீங்கள் கொடுத்த எண்ணையும் இணைக்கும் பட்டியலைக் குறியாக்கம் செய்து (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி), தனி இடத்தில் வையுங்கள்.

பகிர அனுமதி உள்ளவற்றை செனோடோ போன்ற இணைய ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில், விளக்கக் கோப்போடும், பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தோடும் சேர்த்துவிடுங்கள். மேற்கோள் காட்ட நிலையான அடையாள எண் கிடைக்கும்.

ஒலிப்பதிவுகளை அழிப்பதாகப் படிவத்தில் ஒரு தேதி சொல்லியிருந்தால், அதை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அந்த நாளில் மூன்று நகல்களிலிருந்தும் அழிக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியின் நினைவக அட்டையையும் மறக்காதீர்கள்.