மேடை அமையாத பாடகர் இசையோடு வாழும் முறை

கர்நாடக இசையைப் பல ஆண்டுகள் கற்றும் சபா வாய்ப்போ சன்மானமோ அமையாதவர், தம் சாதகத்தை (அன்றாடப் பாட்டுப் பயிற்சியை) கச்சேரிக்கான ஒத்திகையாக எண்ணுவதை முதலில் விட்டுவிட வேண்டும். தியாகராசர் (1767–1847) உஞ்சவிருத்தி எடுத்து, அதாவது தெருவில் பாடிச் சென்று வீடுகளில் அரிசி பெற்று, வாழ்ந்தவர். அவருடைய கீர்த்தனைகள் நுழைவுச்சீட்டுக்காகப் பிறந்தவையல்ல.

விடியற்காலையில் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதிலிருந்து தொடங்குங்கள். நான்கு தந்திகளையும் கூட்டிய பின், குதிரையின்மேல் (தந்திகளைத் தாங்கும் பாலத்தின்மேல்) தந்திக்கு அடியில் இருக்கும் பருத்தி நூலை மயிரிழை அளவு நகர்த்தினால், அதுவரை மொட்டையாக ஒலித்த தந்தி ரீங்காரமிட்டு அறையையே நிறைக்கும். அந்த ஒலிக்குள் ஷட்ஜத்தை (‘ஸ’ சுரத்தை) மட்டும் பத்து நிமிடம் பிடித்து நில்லுங்கள். கைப்பேசிச் செயலியில் வரும் சுருதி வசதியானதுதான். ஆனால் இந்தப் பொறுமையை அது கற்றுத்தராது என்பது என் உறுதியான கருத்து.

மாதத்துக்கு ஒரே ராகம் போதும். தோடியை எடுத்துக்கொண்டால், அதன் காந்தாரம் (‘க’ சுரம்) ஓரிடத்தில் நில்லாமல் அசைந்தே உயிர்பெறுவதை உணரவே பல வாரங்கள் ஆகும் (எனக்கு ஓராண்டு ஆயிற்று). பாடியதைப் பதிவு செய்து, மறுநாள் கேட்டு, ஒரே ஒரு பிடியை (ராகத்தைக் காட்டும் சிறு சுரக்கோவையை) மட்டும் திருத்துங்கள்.

கேட்பவர் வீட்டுப் பாட்டி ஒருவரே ஆயினும் முழு மனத்தோடு பாடுங்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அமைந்த தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடமாக்கிக்கொண்டால், அவருடைய ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் காவிரிக்கரைப் பந்தலில், பெயர்பெற்ற வித்துவான்களும் அமர்ந்து எல்லோரும் சேர்ந்து பாடும் கோஷ்டி கானத்தில் உங்கள் குரலும் சேரும்.