தகவல் உரிமை மனு: எங்கே கோட்டை விடுகிறோம்?

"எங்கள் ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் ஏன் ஒழுங்காக வருவதில்லை? இதற்கு யார் பொறுப்பு?" பென்னாகரம், பாலக்கோடு பக்கம் மனு எழுத உட்கார்ந்ததும் பலருக்கு முதலில் வரும் வரி இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் "கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும், அதைச் சட்டப்படி தவறென்று சொல்லவும் முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 தருவது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைப் பெறும் உரிமை. இல்லாத விளக்கத்தை அலுவலர் உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

அதே கவலையை இப்படி எழுதிப் பாருங்கள்: "... ஊராட்சி, ... குக்கிராமத்தின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு 1.4.2024 முதல் 31.3.2025 வரை ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து நாள்வாரியாக வழங்கப்பட்ட நீரின் அளவைக் காட்டும் பதிவேட்டின் சான்றிட்ட நகல்." இரண்டாவதாக, "அதே காலத்தில் அந்தக் குக்கிராமத்தின் ஆழ்துளைக் கிணறுகளில் எடுத்த நீர் மாதிரிகளின் ஆய்வக அறிக்கை நகல்கள்." அறிக்கை கைக்கு வந்ததும் ஃப்ளோரைடு அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. இந்த மண்ணின் ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான் அந்தத் திட்டமே வந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், கேட்காமல் விட்ட "ஏன்" என்ற கேள்விக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மனுவுக்குள் குறையைக் கலக்காதீர்கள். "நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று ஒரு வரி சேர்ந்தாலும் அதைக் குறைதீர் மனுவாகத் திருப்பிவிட வழி கிடைத்துவிடும். குறைக்குத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, அங்கே தனியாகக் கொடுங்கள். எதற்காகக் கேட்கிறேன் என்ற விளக்கமும் வேண்டாம். 6(2) பிரிவுப்படி காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதுவதும் வீண் சிக்கல். உரிமை குடிமகனுக்கு என்பதால், தலைவர், செயலாளர் என்ற பதவிப் பெயர் இல்லாமல் சொந்தப் பெயரில் கையெழுத்திடுங்கள்.

கட்டணம் பத்து ரூபாய்தான், ஆனால் அதிலும் மனு திரும்பிவிடும். மாநில அரசு அலுவலகம் என்றால் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ரயில்வே, தபால் துறை, தேசிய வங்கி போன்ற மத்திய அமைப்புகளுக்கு அந்த வில்லை செல்லாது. அவற்றுக்குப் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணையுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை, அதற்கான சான்றின் நகலை மட்டும் மறக்காமல் வைக்க வேண்டும்.

எந்த அலுவலகம் என்று தெரியாமல் மனுவே போடாமல் விடுவது இன்னொரு தவறு. தவறான இடத்துக்குப் போன மனுவை ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது 6(3) பிரிவின்படி அவர்கள் கடமை. இந்தப் பிரிவு ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரைக்காரர்களுக்கு ரொம்பவே உதவும். இந்த ஊர்கள் இருக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004-இல். அதற்கு முந்தைய கோப்பு என்றால், "தருமபுரியிலிருந்து வந்து சேரவில்லை" என்ற பதில் வரலாம். அதோடு விட்டுவிடாமல், கோப்புகளை ஒப்படைத்த பட்டியலின் நகலையும், அழிக்கப்பட்டிருந்தால் அழிப்புப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். தகவல் மறுக்க இடம் தரும் 8-ஆம் பிரிவில் "கோப்பு கிடைக்கவில்லை" என்றொரு காரணமே கிடையாது.

ரோடு, கால்வாய், கட்டட வேலை என்றால் "முழுக் கோப்பும் வேண்டும்" என்று கேட்காதீர்கள். முந்நூறு பக்கம், அறுநூறு ரூபாய் என்று கடிதம் வரும் (பக்கத்துக்கு இரண்டு ரூபாய்), அதில் உங்களுக்குத் தேவையானது பத்துப் பக்கமாக இருக்கும். 2(ஜே) பிரிவின்படி நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. மதிப்பீடு, எம்.புக் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்), பில் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எம்.புக்கில் எழுதியிருக்கும் நீளம், அகலம், கனத்தைக் குறித்துக்கொண்டு, தேவையான பக்க எண்களுக்கு மட்டும் நகல் கேளுங்கள். அந்தக் கனத்தை வைத்துத்தான் நேரில் போய் ரோட்டை அளக்க முடியும். போட்ட கான்கிரீட்டின் மாதிரி கேட்கவும் இதே பிரிவில் இடம் உண்டு, ஆனால் இதைப் பயன்படுத்துவோர் அரிது.

நகல் கட்டணம் கட்டச் சொல்லி வரும் கடிதத்தை மறுப்பு என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அந்தக் கடிதம் கிளம்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை, தகவல் தர அவர்களுக்குள்ள 30 நாள் கெடு நின்றே கிடக்கும். ஆகவே உடனே கட்டுங்கள். கெடு தாண்டிய பிறகு பணம் கேட்டாலோ, 7(6) பிரிவைச் சுட்டிக்காட்டி இலவசமாகத் தரச் சொல்லுங்கள்.

குவாரி உரிமம், நடைச்சீட்டு (லாரியில் கனிமம் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டு) விவரம் கேட்டால் "வணிக ரகசியம்" என்றும், அலுவலர் பற்றியது என்றால் "தனிநபர் தகவல்" என்றும் மறுப்பது வழக்கம். தனிநபர் தகவலை மறுக்க இடம் தரும் 8(1)(ஜே) பிரிவை 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் இறுக்கியிருக்கிறது. ஆனாலும் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) அப்படியே இருக்கிறது. மேல்முறையீட்டில் அந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் காட்டி, பொதுநலன் என்ன என்பதை இரண்டே வரியில் எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் அதே மனுவைத் திரும்பவும் போடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு. பழைய மனுவின் கெடுவெல்லாம் அதோடு போய்விடும். 30 நாள் முடிந்ததும், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. அதைத் தாண்டி நேராக மாநில தகவல் ஆணையத்துக்கு 18-ஆம் பிரிவில் புகார் அனுப்பினால் அலுவலருக்கு அபராதம் விழலாமே தவிர, தகவலைக் கொடுக்கச் சொல்லி அந்தப் பிரிவில் உத்தரவிட முடியாது. இதுவும் உச்ச நீதிமன்றம் 2011-இல் வேறொரு வழக்கில் சொன்னதுதான். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதிகபட்சம் 45 நாள். அதற்குப் பிறகு 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநில தகவல் ஆணையத்துக்கு 19(3)-இல் இரண்டாம் மேல்முறையீடு. நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரை அபராதம் விதிக்க 20-ஆம் பிரிவில் கோருவதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு தாளும் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் ஒப்புகையுடன் அனுப்பச் சொல்லி, ரசீதை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ரசீது மை சில மாதத்தில் மங்கிவிடும், ஆணையத்தின் விசாரணைக்கு அழைப்பு வர அதைவிட நாளாகும்.