ஜியோபாலிமர் கான்கிரீட்: முதல் இரண்டு கட்டிகள் வார்ப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தானைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். பாமாயில் ஆலை பாய்லரில் பழ நாரும் கொட்டை ஓடும் எரிந்து சாம்பல் குவிகிறது. அதை வைத்துச் சிமெண்ட் இல்லாத கான்கிரீட், அதாவது ஜியோபாலிமர் கான்கிரீட் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: செய்யலாம், ஆனால் அதில் தொடங்காதீர்கள். முதலில் நிலக்கரிச் சாம்பலில் கை பழகட்டும். நம் பேராக்கிலேயே மஞ்சோங் அனல்மின் நிலையத்தில் எரிவது நிலக்கரிதான்.

100 மில்லிமீட்டர் கனசதுர அச்சில் இரண்டு கட்டிகளுக்கு நிலக்கரிச் சாம்பல் 700 கிராம், அரைத்த இரும்பு உலைக் கசடு 300 கிராம், மணல் 1.35 கிலோ, சிறுகல் 3.1 கிலோ, சோடியம் சிலிகேட் திரவம் 286 கிராம், காஸ்டிக் சோடா கரைசல் 114 கிராம்.

கரைசலை முதல் நாளே செய்துவிடுங்கள். பலரும் தடுமாறும் இடம் இது. நமக்கு வேண்டிய செறிவு 8 மோலார். அதாவது ஒரு லிட்டர் கரைசலுக்குள் 320 கிராம் சோடா இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 320 கிராமைக் கொட்டினால் அளவு லிட்டரைத் தாண்டிவிடும், கரைசல் நீர்த்துப்போகும். அளவுக் குடுவையை விடத் தராசே மேல்: 738 கிராம் தண்ணீர், 262 கிராம் சோடா, சரியாக ஒரு கிலோ. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கை வைக்க முடியாத சூடு ஏறும். கையுறையும் கண் கவசமும் கட்டாயம். அலுமினியச் சட்டி கூடவே கூடாது, சோடா அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். தடித்த பிளாஸ்டிக் வாளிதான் என் தேர்வு.

சாம்பலிலுள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் கரைத்து எடுப்பது இந்தச் சோடாதான். குறைந்தால் சாம்பல் கரையாமல் தங்கும். அதற்காக அள்ளிப் போட்டாலும் வலிமை ஏறிக்கொண்டே போகாது. மிஞ்சிய சோடா மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும்.

மறுநாள் பொடிகள், மணல், கல் எல்லாவற்றையும் உலர்வாகக் கலந்து, சிலிகேட்டையும் ஆறிய கரைசலையும் சேர்த்து ஊற்றிக் கிளறுங்கள். கலவை பாகு மாதிரி ஒட்டும். தண்ணீர் ஊற்றக் கை நீளும், ஊற்றாதீர்கள். சிமெண்டில் தண்ணீரின் ஒரு பகுதி கெட்டிப்படும் பொருளோடு சேர்ந்துவிடும். இங்கே அது வெளியேறிவிடும், நின்ற இடமெல்லாம் துளை. எண்ணெய் பூசிய அச்சில் தட்டித் தட்டி நிரப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள்.

கசடிலுள்ள கால்சியத்தால் கட்டி நம் ஊர்ச் சூட்டிலேயே இறுகும். கசடு இல்லையென்றால் 60 டிகிரியில் 24 மணி நேரம் அடுப்பில் வைக்க வேண்டியிருக்கும். கசடு கூடிவிட்டாலோ கிளறும்போதே இறுகத் தொடங்கும்.

பின்சேர்க்கை: கசடுக்குப் பதிலாக ஆலைச் சாம்பலைப் போட்டேன், மூன்றாம் நாளும் நகம் இறங்குகிறது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஆலைச் சாம்பலில் சிலிக்கா நிறைய, அலுமினா குறைவு. கசடு தரும் அளவு கால்சியமும் அதில் கிடைக்காது. கருப்பாகத் தெரிவது எரியாத கரி, அது கரைசலைக் குடித்துவிடும். தம்பி, 300 மைக்ரான் சல்லடையில் சலித்து, மாவாக அரைத்து, நிலக்கரிச் சாம்பலில் 100 கிராமுக்கு மட்டும் மாற்றாகப் போடுங்கள். கசடு அப்படியே இருக்கட்டும். 28ஆம் நாள் கட்டியின் அழுத்த வலிமையைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கூட்டலாம்.