தியானத்தில் தூக்கம் சொக்கினால்

மூச்சைக் கவனித்து உட்கார்ந்திருக்கும்போது தலை முன்னால் சரியத் தொடங்கினால், மேலும் அமைதியாக முயலாதீர்கள். கண்ணைத் திறந்து இரண்டு காது மடல்களையும் பிடித்து நன்றாக இழுத்துவிடுங்கள். கைகால்களை உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். அதற்கும் தெளியவில்லையா, எழுந்து கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பாருங்கள். பிறகு 15, 20 அடி நீளத்துக்குள் முன்னும் பின்னும் நடங்கள். பார்வை தரையில், கவனம் பாதத்தில்.

மகத நாட்டில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்த தன் முதன்மைச் சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்னதாக அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூலில் உள்ள வழிகளை ஒட்டியவைதான் இவை. அந்த நூலின் மொழியான பாலியில் தீன-மித்தம் எனப்படும் இந்த மந்தம், தியானத்தின் ஐந்து தடைகளில் ஒன்று. மனம் மங்கிக் கிடக்கும்போது அமைதியை இன்னும் கூட்டுவது, அணையப்போகும் அடுப்பில் ஈர விறகைத் திணிப்பது மாதிரி. அப்போது வேண்டியது ஊக்கம். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: அரைத் தூக்கத்தின் இதமான மிதப்பையே ஆழ்ந்த தியானம் என்று நம்பிவிடுகிறார்கள். மூச்சு உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று உடனே சொல்ல முடியாவிட்டால் அது பெரும்பாலும் தூக்கம்தான்.

மனம் அலைபாய்ந்து படபடக்கும்போது இது உதவாது. அதற்கு நேர்மாறாக உடலைத் தளர்த்த வேண்டும். இரவில் 4 மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்றால் காதை இழுத்துப் பயனில்லை. மொக்கல்லானருக்குச் சொன்ன கடைசி வழியே, எழும் நேரத்தை மனதில் நிறுத்தி வலப்பக்கமாகப் படுப்பதுதான். வாரக்கணக்கில் பகல் முழுதும் உடலும் மனமும் கனத்தே கிடந்தால் மருத்துவரைப் பாருங்கள்.